முட்டை நின்ன கோழி

2022 புரட்டாசியில எங்க வீட்டுக்கு நாலு வெள்ளைக் கோழி வந்தது. எங்க வீடுன்னா மந்தைவெளியில, பக்கிங்காம் கால்வாய்க் கரையோரம், ஒத்த ரூமும் முன்னால நாலடித் தாழ்வாரமும். அம்மா ரொம்ப வருஷமா பாத்திரம் தேய்க்கப் போற அடுக்குமாடி அங்கேருந்து பார்த்தாலே தெரியும். அந்த மாடியில ஒரு வீட்டுப் பொண்ணு, காலேஜில் படிக்கிறது, பிராணிகளக் காப்பாத்துற குழு ஒண்ணுல சேர்ந்திருந்தது. புரட்டாசின்னா கறிக்கடையில வியாபாரம் படுத்துடும். கடையில தேங்கிக் கிடந்த வயசான முட்டைக்கோழிகளை அந்தப் பொண்ணும் சிநேகிதங்களும் காசு குடுத்து வாங்கிட்டாங்க. வாங்கின பிறகுதான் எங்க வைக்கிறதுன்னு யோசனை வந்திருக்கு. மொட்டை மாடியில வைக்கக் கூடாதுன்னு குடியிருக்கிறவங்க சொல்லிட்டாங்க. உடனே எங்கம்மா ஞாபகம் வந்திருக்கு.

அட்டைப்பெட்டியத் தூக்கிக்கிட்டு அந்தப் பொண்ணு எங்க சந்துக்குள்ள வந்தது. இத்தனை வருஷத்துல அந்த வீட்லேருந்து எங்க வீட்டுக்கு வந்த முதல் ஆள் அதுதான். நான் பொறந்தப்ப வரல, அப்பா செத்தப்ப வரல, கோழிக்காக வந்தாங்க.

"ஆயா, இதுங்களப் பாத்துக்கறீங்களா? தீவனத்துக்கு மாசா மாசம் பணம் குடுத்துர்றோம்" என்றது. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஆனா, சாப்ட்ர மாட்டீங்கல்ல?"

அம்மா சிரிச்சுது. "பாப்பா, ஒங்க பாட்டி காலத்துலேர்ந்து உன் வூட்டு வெள்ளித் தம்ளரக் கழுவுறேன். ஒண்ணாச்சும் காணாமப் பூட்ச்சா?"

எனக்குச் சிரிப்பு வரல. நான் ஒரு அச்சகத்துல புரூஃப் பாக்குறவ, நாலு எழுத்து படிச்சவ. அந்தக் கேள்வியில இருந்த ஜாதி எனக்கு உடனே தெரிஞ்சுது. கோழியத் தின்னுடுவாங்கன்னு பயப்படுறது ஒண்ணு. கோழி வளக்கத் தெரிஞ்சவங்க இவங்கதான்னு தேடி வர்றது ஒண்ணு. ரெண்டும் ஒரே இடத்துலேருந்து வருது. அந்தப் பொண்ணு கெட்டதில்ல. கேட்டதுக்கப்புறம் அது மொகமே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா கேட்டுடுச்சு.

பெட்டியத் தொறந்து விட்டோம். கழுத்துல மயிரே இல்லாம ஒண்ணு. அதுக்கு மொட்டைச்சின்னு பேரு. கால் சரியில்லாத ஒண்ணு நொண்டி. மத்தது ரெண்டும் நெட்டச்சி, குட்டை. பேரெல்லாம் அம்மா வச்சது. நாலுக்கும் அலகு நுனி வெட்டியிருந்தது. கொண்டை வெளுத்து ஒரு பக்கமா சாஞ்சு கெடந்தது. மண்ணுல விட்டதும் நாலும் அசையாம நின்னுதுங்க. கம்பிய மட்டுமே மிதிச்ச காலுக்கு மண்ணு என்னன்னு தெரியல. நாமக்கல் பக்கத்துப் பண்ணைக் கூண்டுல ஒரு கோழிக்குக் கெடைக்கிற எடம் நாம எழுதுற முழுத்தாள் அளவுகூட இல்ல. ஐரோப்பாவுல அந்த மாதிரி வெறுங்கூண்டை 2012-லேருந்தே தடை செஞ்சாச்சு. இங்க 2017-ல சட்ட ஆணையம் தன்னோட 269-வது அறிக்கையில இதப் பத்தி எழுதிக் குடுத்தது. கூண்டு அப்படியேதான் இருக்குது.

மறுநாள் காலையில நாலு முட்டை. அதுக்கு மறுநாள் நாலு. அந்தப் பொண்ணு மூட்டையா லேயர் தீவனம் வாங்கிக் குடுத்திருந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். முட்டைய அந்தப் பொண்ணு தொடாது. அதனால எங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்கும் தினம் முட்டை.

இங்க ஒண்ணச் சொல்லிடணும். எனக்கு முட்டைமேல கோவம் கிடையாது. 1989-ல சத்துணவுல முட்டை போட ஆரம்பிச்சப்ப நான் மூணாம் வகுப்பு. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. அதுக்கு முன்னாடி வீட்ல முட்டைன்னா ஒண்ண அவிச்சு நூல வச்சு நாலா அறுப்பாங்க. முழு முட்டை ஒண்ணு எனக்கே எனக்குன்னு கையில வந்தது அன்னைக்குத்தான். உள்ளங்கையில சூடா இருந்தது. தின்னாம வச்சு வச்சுப் பாத்தேன். இன்னைக்கும் பக்கத்து மாநிலத்துல பள்ளிக்கூடத்துல முட்டை போடாதேன்னு மடாதிபதிங்க கெளம்புறப்ப எனக்கு அந்த உள்ளங்கைச் சூடுதான் ஞாபகம் வரும். ஏழைப் பிள்ளை தட்டுலேருந்து முட்டைய எடுத்துட்டுக் கோழிக்காக அழுவுறவங்க பக்கம் நான் நிக்க மாட்டேன். ஆனா அந்த முட்டைய யாரு போட்டா, போட்டவளுக்கு அப்புறம் என்னாச்சுன்னு நாப்பது வயசு வரைக்கும் நான் யோசிச்சதே இல்ல.

ஐப்பசி மழையில நொண்டி ஒரு தோல்முட்டை போட்டது. ஓடே இல்ல, வெறும் சவ்வு. ரெண்டு நாள் கழிச்சு மூலையில போய் நிமிர்ந்தாப்ல நின்னுக்கிட்டு முக்குது, வால் ஏறி ஏறி எறங்குது, தீனி எடுக்கல. அம்மா அடிவயித்தத் தொட்டுப் பாத்துட்டு, "முட்ட மாட்டிக்கிச்சுடி" என்றது. அன்னக்கூடையில வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி அரை மணி நேரம் கோழிய உக்கார வச்சுது. விரல்ல வெளக்கெண்ண தடவி வாய்ப்பக்கம் லேசாத் தடவி விட்டுது. அமுக்கல. "அமுக்கனா உள்ள ஒடஞ்சிடும், ஒடஞ்சா போச்சு" என்றது. இருட்டுல கூடையப் போட்டு மூடி வச்சுது. ராத்திரி முட்டை வந்துடுச்சு. நான் அது ஏதோ நொண்டியோட கோளாறுன்னு விட்டுட்டேன். அம்மாவும் அப்படித்தான் நெனச்சுது.

கார்த்திகையில மொட்டைச்சி. காலையில கூடையத் தொறந்தா பின்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குச் செவப்பா சதை வெளிய தொங்குது. மத்தது மூணும் அதக் கொத்திக் கொத்தி ரத்தம். நான் ஐயோன்னு கத்திட்டேன். அம்மா கத்தல. மொட்டைச்சிய எடுத்து மடியில வச்சு, ஆறவச்ச வெந்நீர்ல கழுவி, ஈரத் துணியால தாங்கிப் புடிச்சுது. அதையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்துது. அப்புறம் என்னைப் பாக்காமலே சொல்லுச்சு:

"எனக்கும் இப்டித்தாண்டி."

எனக்குப் புரியல.

"உன் தம்பி பொறந்தப்புறம். கர்ப்பப்பை எறங்கிப்போச்சு. குந்துனா வெளிய வந்துடும். துணி வச்சுக்குனு வேலைக்குப் போவேன்."

தம்பிக்கு இப்ப முப்பத்தெட்டு வயசு. அத்தனை வருஷமா அந்த மாடியில நாலு வீட்டுத் தரைய குந்திக்கிட்டே தொடச்சிருக்கு. லாரித் தண்ணிய இடுப்புலயும் கையிலயுமா கொடங்கொடமா சுமந்திருக்கு. தம்பி பொறந்த பதினஞ்சாம் நாள் வேலைக்குத் திரும்பிடுச்சாம், இல்லன்னா வேற ஆள் வச்சுடுவாங்க. நடுவுல ஒரே ஒரு தடவை ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டியிருக்கு. "வயசாவுதுல்ல, எடுத்துடலாம்" என்று சொல்லியிருக்காங்க. பயந்துக்கிட்டு அப்புறம் போகவே இல்ல. அம்மா வலின்னு சொல்லி நான் கேட்டது இடுப்பு வலி மட்டுந்தான். கோழி வராம இருந்திருந்தா எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

மொட்டைச்சியத் தூக்கிக்கிட்டு ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "கறிக்கோழிக்கா வைத்தியம்? வாங்குன வெலைய விட ஊசி வெல ஜாஸ்திம்மா" என்று சிரிச்சாரு அங்க இருந்தவரு. ஆனா பக்கத்துல நின்ன ஒரு சின்ன வயசு டாக்டரம்மா கோழிய வாங்கிப் பாத்தாங்க. ரொம்பக் கொத்திடுச்சு, தாங்காதுன்னாங்க. சாயங்காலம் செத்துடுச்சு. ஆனா அந்தம்மா அரை மணி நேரம் எனக்கு உக்கார வச்சு சொன்னதுதான் மத்த மூணையும் காப்பாத்துச்சு. அதுக்கப்புறம் நானாப் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டேன்.

நம்ம கோழிக்கெல்லாம் மூதாதை காட்டுக்கோழி. அது வருஷத்துக்குப் பத்து பதினஞ்சு முட்டை போடும், அடை உக்காரும், குஞ்சு பொரிக்கும், நிறுத்திக்கும். இந்த வெள்ளைக் கோழிய மனுஷன் தலைமுறை தலைமுறையாப் பொறுக்கிப் பொறுக்கி வருஷத்துக்கு 300-க்கு மேல போடுற மாதிரி ஆக்கி வச்சிருக்கான். பொம்பளைக்கு சினைப்பை ரெண்டு. கோழிக்கு இடது பக்கம் ஒண்ணுதான் வேலை செய்யும். ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூட ஆகும். அதுல இருபது மணி நேரம் ஓடு கட்டுறதுக்கே போயிடும். ஓடு கட்டுற எடத்துக்குப் பேரும் கர்ப்பப்பைதான்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஒவ்வொரு ஓட்டுக்கும் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேணும். கோழி எலும்பு மொத்தத்தையும் சேத்தாலே அது இருபது கிராம்தான் தேறும். தீனியில போதலன்னா எலும்புலேருந்து எடுத்துக் குடுக்கும். ஒரு பொம்பளைக்கு ஆயுசு முழுக்க நானூறு தடவை கருமுட்டை வெளியாகும்னு கணக்கு. இந்தக் கோழிக்கு அது ஒன்றரை வருஷத்துலயே முடிஞ்சுடுது. அந்த வயசுலதான் பண்ணையில கழிச்சு லாரியில ஏத்துறாங்க.

அதனால முட்டை மாட்டுறது, கொழாய் வெளிய தள்ளுறது, மஞ்சக்கரு வயித்துக்குள்ளயே விழுந்து சீழ் புடிக்கிறது, சினைப்பையில கட்டி, புத்துநோய், இதெல்லாம் ஏதோ ஒரு கோழிக்கு வர்ற சீக்கு இல்ல. அதுக்குக் குடுத்த வேலையோட சீக்கு. சினைப்பைப் புத்துநோய் பத்தி மனுஷங்களுக்கு ஆராய்ச்சி பண்றவங்க முட்டைக்கோழியத்தான் எடுத்துக்கறாங்க. அதுக்குத்தான் அது தானாவே வரும்.

"அப்ப வராம தடுக்க என்ன பண்ணணும்?" என்று கேட்டேன்.

"முட்டைய கொறைக்கணும்" என்றாங்க.

அரிசி அளவுல ஒரு மருந்த தோலுக்கடியில வச்சா சில மாசத்துக்கு முட்டை நிக்குமாம். வெளிநாட்டுல காப்பாத்தின கோழிங்களுக்கு வைக்கிறாங்களாம். நாங்க கேட்ட எடத்துல எங்கயும் கெடைக்கல. கொழாய ஆபரேஷன்ல எடுக்கலாம், ஆனா சினைப்பை உள்ளயே இருக்கறதால மஞ்சக்கரு வயித்துக்குள்ள விழலாம், கோழியும் மயக்கத்துலேருந்து எழுந்திருக்கும்னு சொல்ல முடியாது. மிச்சம் இருக்கிற வழி நம்ம கையில இருக்கிறதுதான்: வெளிச்சம், தீனி, எடம்.

வெளிச்சம்னதும் எனக்கு எங்க சந்து விளக்கு ஞாபகம் வந்துடுச்சு.

அந்த விளக்கு சும்மா வந்ததில்ல. எங்க வரிசைக்குப் பொதுக் கக்கூஸ்தான். ராத்திரியில பொம்பளைங்க இருட்டுல போகணும். அதுக்காக நானும் நாலஞ்சு பேரும் மனுமேல மனு எழுதி, கையெழுத்து வாங்கி, அலைஞ்சு திரிஞ்சு வாங்கின வெள்ளை எல்.இ.டி. விளக்கு. பகல் மாதிரி அடிக்கும். அது சரியா கோழிக்கூடைக்கு மேல. கோழிக்குக் கண்ணுல மட்டும் வெளிச்சம் படுறதில்ல. மண்டையோட்டையும் தாண்டி மூளைக்குள்ள போகும். கண்ணு தெரியாத கோழிகூட வெளிச்சம் நீண்டா முட்டை போடும். பண்ணையில பதினாறு மணி நேரம் விளக்கு எரியறது இதுக்குத்தான். சென்னையில சித்திரை வைகாசிப் பகல்கூட பதிமூணு மணி நேரத்தத் தொடாது, மார்கழியில பதினொண்ணரைக்கும் கீழ. எங்க கோழிங்களுக்கு ராத்திரியே கெடையாது. எங்களுக்காகப் போராடி வாங்கின விளக்கு அதுங்கள வேலை வாங்கியிருக்குது.

விளக்க அணைக்க முடியாது. அணைக்கவும் மாட்டோம். அம்மா கோணிப்பை ரெண்ட ஒண்ணாத் தச்சுது. காத்து வர்றதுக்குக் கீழ ஒரு சாண் விட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடைமேல எறக்கிடும். விடிஞ்சு ஆறு ஆறரைக்கு எடுக்கும். இவ்வளவுதான். ஆனா ஒரு நாள்கூடத் தவறாது. தவறினா மறுபடி மொதல்லேருந்து.

தீனியிலதான் அந்தப் பொண்ணுக்கும் அம்மாவுக்கும் சண்டை. அது நல்லெண்ணத்துலதான் லேயர் தீவனம் வாங்கினது. பருப்புச் சத்து ஜாஸ்தி, முட்டை போட வைக்கிறதுக்குன்னே செஞ்சது. மாடிக்காரங்களோ மீந்த சோறு, கேசரி, அப்பளம்னு குடுத்தனுப்புவாங்க. சோத்துல கொழுப்பு ஏறினாலும் முட்டை மாட்டும், கொழாய் தள்ளும். அம்மா ரெண்டையும் கொறச்சுது. கம்பு, கொஞ்சம் நொய், தவிடு, மார்க்கெட்ல கழிச்ச கீரைத்தண்டு, கூடவே பழைய தீவனத்துல கால்பங்கு. முட்டை நிக்கிற வரைக்கும் ஓட்டுக்குச் சத்து வேணுமே. அதுக்கு ஞாயித்துக்கிழமைல பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போய் கிளிஞ்சல் பொறுக்கி வருவோம். அலசிக் காயவச்சு, ஒரல்ல நொறுக்கித் தனிக் கிண்ணத்துல வைக்கும். தீனியோட கலக்காது. "வேணும்னா அதுவே துன்னும், வேணாட்டி வுட்ரும். நம்ம ஏன் திணிக்கணும்" என்கும். அவங்க படிச்சுட்டு வந்து சொன்னதும் இதேதான்.

பட்டினி போட்டும் முட்டைய நிறுத்தலாம். பண்ணைகள்ள நாள் கணக்கா தீனிய நிறுத்தி எறகு உதிர வச்சு, மறுபடி முட்டைக்குத் தயார் பண்ற வழக்கம் உண்டு. அத அம்மாகிட்ட சொன்னேன். "பசிய காட்டி வேல வாங்கறதா. அது நமக்குத் தெரியாததா" என்றதோட விட்டுடுச்சு.

அம்மாவுக்கு ஒரு ஆசை இருந்தது. நாட்டுக்கோழி மாதிரி அடை உக்கார வச்சா தானா நிறுத்திக்குமேன்னு நெனச்சுது. முட்டைய எடுக்காம விட்டுப் பாத்துது. வைக்கோல்ல கூழாங்கல்ல வச்சுப் பாத்துது. நெட்டச்சி வந்து கல்லப் பாத்துட்டுப் போயிடும். அடை உக்காரணும்கிற புத்தியையே இந்த ஜாதிக் கோழிலேருந்து எடுத்துட்டாங்க, உக்காந்தா முட்டை நின்னுடுமேன்னு. எனக்கு மத்த எல்லாத்தையும் விட இதுதான் தாங்க முடியல. இதச் சொன்னப்ப அம்மாவும் பேசல.

தை மாசம் எறகு கொத்துக் கொத்தா உதிர்ந்துது. பாக்கச் சகிக்காது. முட்டை நின்னுடுச்சு. அந்தப் பொண்ணு வந்து பாத்து பயந்துபோயி, "சீக்கா ஆயா?" என்றது. "ஓய்வு எடுக்குது பாப்பா" என்றது அம்மா. ரெண்டு மாசத்துல புது எறகு வெள்ளவெளேர்னு மொளச்சு, கொண்டை செறுத்துப் போயிருந்தது. முட்டை போடாத காலத்துல கொண்டை அப்படித்தான் இருக்கும். அதுக்கப்புறம் வாரத்துக்கு ரெண்டு மூணு, சில மாசம் ஒண்ணுமே இல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் கொறை.

எல்லாத்தையும் தடுத்துட்டோம்னு சொல்ல மாட்டேன். 2023 ஆவணியில குட்டைக்கு வயிறு தண்ணிப்பை மாதிரி தொங்கிச்சு. நடக்க முடியல. டாக்டரம்மா ஊசிபோட்டு உறிஞ்சி எடுத்தாங்க. மஞ்சளாத் தண்ணி. ரெண்டு வாரம் நல்லாருந்துது, மறுபடி ஊதிக்கிச்சு. உள்ள கட்டி இருக்கும், ரொம்ப நாளாவே இருக்கும்னாங்க. ஒன்றரை வருஷத்துல நடந்தத சில மாசக் கோணிப்பையால திருப்ப முடியாது. கால்வாய் ஓரம் முருங்கை மரத்தடியில பொதச்சோம். எதிர்வீட்டு அண்ணன், "இத்தினி நாள் வளத்து மண்ணுக்கு குடுக்கிறியே ஆயா" என்றாரு. அவரு சொன்னதுல தப்பொண்ணும் இல்ல. எங்க வீட்லயும் ஞாயித்துக்கிழமை கோழிதான். அம்மாவுக்கு அதுல எந்தக் கொழப்பமும் இல்ல. "அது கடக்கோழி, இது அடைக்கலமா வந்துது." என்னால இவ்வளவு சுலபமா பிரிக்க முடியல.

இத எழுத எனக்குக் கூச்சம் இருந்தது. நம்மள ஆடு மாடு கூட வச்சுப் பேசினவங்க ஊர்ல, நானே எங்கம்மாவ ஒரு கோழி பக்கத்துல உக்கார வைக்கிறேனேன்னு. ஆனா உக்கார வச்சது நான் இல்ல. மடியில வச்சுக்கிட்டு எனக்கும் இப்படித்தான்னு சொன்னது அம்மா. மகாராஷ்டிரத்துல பீட் மாவட்டத்துல கரும்பு வெட்டப் போற பொம்பளைங்க ஆயிரக்கணக்குல கர்ப்பப்பைய எடுத்துக்கிட்ட கதை 2019-ல வெளிய வந்தது. மாதவிடாய்க்கு லீவு போட்டா கூலியில புடிச்சுக்குவாங்க. 2023-ல தேவையில்லாத இந்த ஆபரேஷன்களப் பத்தி உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. வேலைய கொறைக்க யாரும் தயாரா இல்ல, உறுப்பத்தான் எடுக்கிறாங்க. டாக்டரம்மா சொன்ன "கொறைக்கணும்"கிற வார்த்தைய எங்கம்மாவுக்கு யாரும் சொன்னதில்ல.

நான்தான் சொன்னேன், அதுவும் லேட்டா. நாலு வீட்ட ரெண்டு வீடா ஆக்கினேன். கொடம் தூக்குறது தம்பி. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்க எடுத்துதான் ஆகணும்னு சொல்லல. உள்ள தாங்கிப் புடிக்க ஒரு வளையம் வச்சாங்க. மூணு மாசத்துக்கொரு தடவை கழுவி மாத்தணும், பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. இது முப்பது வருஷமாவே இருக்கிற வைத்தியம்தானேன்னு கேட்டேன். ஆமாம்மான்னாங்க நர்ஸ்.

மந்தை மேய்ஞ்ச வெளிங்கிறதாலதான் மந்தைவெளின்னு சொல்லுவாங்க. இப்ப ரெண்டு கோழிக்கு எடம் சந்தேகம். 2022 மே மாசம் கொஞ்சம் தள்ளி கோவிந்தசாமி நகர்ல வீடுங்கள இடிச்சப்ப ஒருத்தர் தீக்குளிச்சு செத்தாரு. இடிச்ச வீட்டுக்குப் பதிலா பெரும்பாக்கம்னாங்க. அங்க ஏற்கெனவே போன எங்க சித்திக்கு ஆறாவது மாடி. அங்க கோழி எங்க மேயும்? எங்க வரிசையில எப்ப அளக்க வருவாங்களோன்னு அடிக்கடி பேச்சு வரும். பேச்சு வர்ற அன்னைக்கு அம்மா கூடையத்தான் பாக்கும்.

போன மாசம் வளையம் மாத்துற நாள். கூட்டம் ஜாஸ்தி. நாலரை ஆச்சு, அஞ்சு ஆச்சு, எங்க நம்பர் வரல. அம்மா பெஞ்சுல நெளிஞ்சுக்கிட்டே இருந்தது. வலிக்குதான்னு கேட்டேன். இல்லன்னுது. அஞ்சே முக்காலுக்கு என் போன வாங்கி எதிர்வீட்டு அண்ணனுக்குப் போட்டுது.

"தம்பி, நான் ஆயா பேசறேன். நம்மூட்டு கூட மேல அந்த கோணிய எறக்கி வுட்ரு. கீழ ஒரு சாண் வுடணும், மறந்துடாத. காத்து வேணும் அதுங்களுக்கு."